மூணாறு போகும் வழியில் போடிமெட்டு: எங்கே நிற்கலாம், எந்த நேரத்தில் ஏறலாம்?

திண்டுக்கல்_தினா (திங்கள், இரவு 9.12)

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் குடும்பத்தோடு மூணாறு போகிறோம். சொந்த கார்தான், சின்ன வண்டி. நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா. தேனி, போடி வழியாக, கேரள எல்லையில் இருக்கிற போடிமெட்டு மலை ஏறிப் போகலாம் என்று எண்ணம். நண்பர் ஒருவர் "போடிமெட்டில் பார்க்க ஒன்றும் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் போய்விடு" என்கிறார். இன்னொருவர் உடுமலை வழியே போகச் சொல்கிறார். அம்மாவுக்கு வளைவு என்றாலே வயிற்றைப் புரட்டும். எந்த வழி தேவலை? போடிமெட்டு என்றால் எங்கெங்கே நிறுத்தலாம், எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிக்கலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

புல்லட்_பாண்டி (திங்கள், இரவு 9.30)

நண்பர் சொன்னது சரி. முந்தல் செக்போஸ்ட் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவு, மேலே ஒரு டீ. அவ்வளவுதான். நேரத்தை மூணாறில் செலவழியுங்கள்.

போடிக்காரன் (திங்கள், இரவு 10.05)

பாண்டி, நீங்கள் ஏறுகிற வேகத்துக்கு டீக்கடை மட்டும்தான் கண்ணில் படும் :)

தினா, கண்ணைத் திறந்துகொண்டே ஏறுங்கள். போடியை விட்டதும் இரண்டு பக்கமும் மாந்தோப்பு, இலவ மரங்கள். முந்தலில் வனத்துறை சோதனை. பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பை எல்லாம் பார்ப்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கிருந்து போடிமெட்டு ஏறக்குறைய 20 கி.மீ. அந்தத் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். மெட்டின் உயரம் சுமார் 1,400 மீட்டர்.

முதல் சில வளைவுகளில் முள்ளும் காய்ந்த புல்லும் பாறையும்தான், அனலடிக்கும். பாதி ஏறியதும் காற்று மாறும். கடைசி நாலைந்து வளைவில் பிள்ளைகள் ஸ்வெட்டர் கேட்பார்கள். மெட்டைத் தாண்டி இரண்டு கி.மீ. போனால் மண்ணே வேறு, மரமே வேறு. நிழல் மரங்களுக்குக் கீழே ஏலச்செடி, ஈரம், மட்கிய இலை வாசனை. இவ்வளவு சின்னத் தூரத்தில் இரண்டு தட்பவெப்பத்தைப் பார்க்கிற சாலை நம் பக்கத்தில் அதிகம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருகிற மழையை அந்தப் பக்கச் சரிவே வாங்கிக்கொள்கிறது. தேனிப் பக்கம் வருவது காற்றும் சாரலும்தான். ஜூன், ஜூலையில் மெட்டில் நின்றால் இது கண்ணெதிரே நடக்கும். மேற்கிலிருந்து மேகம் முகட்டைத் தாண்டி வரும், போடிப் பக்கம் இறங்க ஆரம்பித்ததும் பாதி வழியிலேயே கரைந்து காணாமல் போகும்.

நம் பக்கத்துச் சரிவுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். புலியூத்து அருவியில் தண்ணீர் கொட்டுவதும், சாலையில் பாறை விழுந்து போக்குவரத்து நிற்பதும் அந்த மாதங்களில்தான். நீங்கள் போகிற தை மாதத்தில் அருவி மெலிந்திருக்கும், ஆனால் வானம் தெளிவு.

நிறுத்துகிற இடம்: வளைவிலேயே நிறுத்த வேண்டாம். இரண்டு வளைவுக்கு நடுவே சாலை அகலமாக இருக்கிற இடங்களில் வண்டியை ஓரம் கட்டலாம். மேல் பாதியில் எங்கே நின்றாலும் போடி ஊர் மொத்தமும், ஏறி வந்த சாலையும் மடிப்பு மடிப்பாகக் கீழே தெரியும்.

உடுமலை_வாசி (செவ்வாய், காலை 7.40)

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. சின்னாறு வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளேயே சாலை போகிறது. மறையூரில் சந்தனக் காடு, காந்தளூர்ப் பக்கம் பழத்தோட்டங்கள். ஏற்றமும் மெதுவான ஏற்றம். அம்மாவுக்கு வளைவு ஆகாது என்றால் யோசிக்காமல் இந்தப் பக்கம் வாருங்கள். மறையூருக்கு மேலே தலையார் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தால் போடிமெட்டை மறந்துவிடுவீர்கள்.

போடிக்காரன் (செவ்வாய், காலை 8.02)

உடுமலைக்காரரே, நீங்கள் சொல்வது நல்ல வழிதான், ஆனால் இவர் திண்டுக்கல்காரர். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று நேராக வந்து ஏறுகிறவரைப் பழனி, உடுமலை சுற்றிவரச் சொல்கிறீர்கள். அதோடு மறையூரிலிருந்து மூணாறு வரை வளைவு இல்லையா என்ன? அம்மா வயிறு எந்த வழியிலும் புரளத்தான் போகிறது. போகும்போது போடிமெட்டு, வரும்போது மறையூர் என்று வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை.

மலைப்பாதை_மணி (செவ்வாய், காலை 10.20)

மலைச்சாலையில் பல வருஷம் பஸ் ஓட்டியவன், இப்போது ஓய்வு. தம்பி தினா, வழி எதுவானாலும் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏறும்போது யாருக்கும் பெரிய பிரச்சினை வருவதில்லை. இறங்கும்போதுதான் வருகிறது. எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். சமவெளிக்காரர்கள் மூன்றாவது, நான்காவது கியரில் விட்டுவிட்டு, காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். பத்தாவது வளைவுக்கு வருவதற்குள் பிரேக் சூடாகிக் கருகல் வாசனை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிப்பு குறையும். வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கிற டிஸ்க் கோணிக்கொள்ளும். நியூட்ரலில் இறக்குவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த மலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அந்த வண்டிகளில் இறக்கத்தில் இன்ஜின் பிடித்துக் கொடுப்பது மிகக் குறைவு, எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல்.

குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டும் இல்லை, சாலை விதியிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற லாரி மறுபடி கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டியவனுக்குத்தான் தெரியும். கொண்டை ஊசி வளைவில் பஸ் வந்தால் அதற்கு முழு வளைவும் வேண்டும், உங்கள் பக்கம் என்று மூக்கை நீட்டி நிற்காதீர்கள். வளைவுக்கு முன் ஹாரன். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்து ஓட்டினால் மேலே இருந்து வருகிற ஹாரனும் கேட்கும், பாட்டை அணைத்துவிடுங்கள்.

அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பார்வை தூரத்துச் சாலையில் இருக்க வேண்டும், போனைக் கையில் கொடுக்காதீர்கள். வயிற்றைக் காலியாகவும் விட வேண்டாம், நிறைக்கவும் வேண்டாம். போடியில் இரண்டு இட்லி போதும். பூரி வேண்டவே வேண்டாம்.

ஏலக்காட்டுப்_பிள்ளை (செவ்வாய், மதியம் 1.15)

நான் பூப்பாறையில் வளர்ந்தவன். இதுவரை யாரும் சொல்லாத விஷயம் ஒன்று, ஜீப்.

அந்தச் சாலை சுற்றுலாவுக்காக மட்டும் இருக்கிற சாலை இல்லை. விடியற்காலையில் போடி, சிலமலை, தேவாரம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலை ஏறும். சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றுகிறார்கள், வேகமாகப் போகிறார்கள், விபத்தும் நடந்திருக்கிறது. இரண்டு மாநிலத்திலும் அவ்வப்போது கெடுபிடி செய்வார்கள், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும். ஜீப் டிரைவரைத் திட்டுவது சுலபம். சீக்கிரம் கொண்டுபோய் இறக்கினால்தான் அந்த ஜீப்பில் இருக்கிற அம்மாவுக்கு அன்றைக்குக் கூலி.

அதனால் என் பதில்: காலை எட்டரை, ஒன்பதுக்கு மேல் முந்தலைத் தாண்டுங்கள். இறங்குவதாக இருந்தால் மூன்று மணிக்குள் மெட்டை விட்டு இறங்க ஆரம்பித்துவிடுங்கள். ஜீப் ஓட்டம் இல்லாத நேரத்தில் நீங்களும் நிம்மதி, அவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. தப்பித்தவறி அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டால் பின்னால் வருகிற ஜீப்புக்கு ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். வழியில் நிறுத்தி ஜீப்பில் போகிற பெண்களை போட்டோ எடுக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது வேண்டாமே.

புல்லட்_பாண்டி (செவ்வாய், மதியம் 1.40)

ஒன்பது மணிக்கு ஏறினால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்குமே? போட்டோ எல்லாம் வெளுத்துத்தான் வரும். சூரிய உதயத்துக்கு மெட்டில் இருப்பதுதான் அழகு.

போடிக்காரன் (செவ்வாய், மதியம் 2.10)

பாண்டி கேட்டதில் பாதி நியாயம். போடிப் பக்கச் சரிவு கிழக்கு பார்த்தது. காலையில் சமவெளியைப் பார்த்தால் சூரியனையே பார்க்கிற மாதிரிதான், மங்கலாகத் தெரியும். மதியத்துக்கு மேல் வெயில் நம் முதுகுப் பக்கம் போய்விடும். அப்போது போடி ஊர், தோப்பு, கண்மாய் எல்லாம் கழுவி வைத்த மாதிரி தெரியும். சாயங்காலம் நாலு, நாலரைக்கு மேல் மலையின் நிழல் சரிவு முழுக்க விழுந்துவிடும். அதனால் போட்டோ முக்கியம் என்றால் இரண்டு மணி வாக்கில் மெட்டில் இருக்க வேண்டும். உதயம் பார்க்க இருட்டில், பனிமூட்டத்தில், அதுவும் ஜீப் நேரத்தில் குடும்பத்தோடு ஏறுவதற்கு நான் சரி என்று சொல்ல மாட்டேன். பைக்கில் தனியாகப் போகிறவர் பாடு வேறு.

வரலாற்றுப்_பிரியை (செவ்வாய், இரவு 8.30)

போடி வரை வருகிறவர்கள் ஒரு அரை நாள் ஒதுக்க முடிந்தால் குரங்கணியையும் பாருங்கள். போடியிலிருந்து 15 கி.மீ. சொச்சம். மெட்டுச் சாலையில் இல்லை, தனியாகப் பிரிகிற சாலை.

போடிமெட்டுச் சாலைக்கு முன்பு மூணாறுத் தேயிலை மலை இறங்கிய வழி இதுதான். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓட்டினார்கள். 1908இல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து இரும்புக் கம்பிவடத்தில் தொங்கியபடி செங்குத்தான மலைச்சரிவில் கொட்டகுடிப் பக்கம் இறங்கும். கீழே இருந்து வண்டிகளில் போடிக்கு. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது, திரும்பப் போடவே இல்லை. கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. இன்றைக்கும் மூணாறு போகிறவர்கள் ரயிலே இல்லாத ஓர் இடத்தை டாப் ஸ்டேஷன் என்று அழைத்துக்கொண்டு, அங்கிருந்து கீழே குரங்கணிப் பள்ளத்தாக்கைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது தேனி மாவட்டம் என்பதே தெரியாது.

குரங்கணியிலிருந்து மேலே நடந்து போகலாமா என்று யாராவது கேட்பீர்கள். 2018 மார்ச் 11 அன்று நடந்த காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல் மலை, காற்று, ஓடி ஒளிய இடம் இல்லை. அதற்குப் பிறகு அனுமதி விஷயத்தில் வனத்துறை கறார். அனுமதி இருக்கிற பாதையில், அவர்கள் விடுகிற மாதங்களில், அவர்கள் தருகிற வழிகாட்டியோடு மட்டும் போங்கள். "எங்க ஊர்ப் பையன் கூட்டிட்டுப் போவான்" என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

திண்டுக்கல்_தினா (செவ்வாய், இரவு 9.50)

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. போடிமெட்டு வழியே முடிவு. மெட்டுக்கு அப்புறம் மூணாறு வரை எங்கே நிற்கலாம்? யானை என்கிறார்களே, அது எந்த இடம்? மூணாறுக்கு முன்னால் வருகிற கேப் ரோடு என்ற மலைச்சாலைப் பகுதி இப்போது எப்படி இருக்கிறது?

ஏலக்காட்டுப்_பிள்ளை (செவ்வாய், இரவு 10.30)

மெட்டிலிருந்து தொண்டிமலை, அப்புறம் பூப்பாறை. இது வரைக்கும் ஏலக்காடு. பூப்பாறையில் சாலை பிரியும். மூணாறுக்குப் போகிற கிளையில் கொஞ்ச தூரம் போனால் ஏலம் முடிந்து தேயிலை ஆரம்பிக்கும், இடது வலது என்று பச்சைச் சரிவு, கீழே ஆனையிறங்கல் அணையின் தண்ணீர். என்னைக் கேட்டால் இந்த முழுப் பயணத்திலும் நிதானமாக நிற்க வேண்டிய இடம் இதுதான். மூணாறில் கூட்டத்துக்கு நடுவே பார்க்கிற தேயிலைத் தோட்டத்தை இங்கே சும்மா சாலையோரத்தில் நின்று பார்க்கலாம்.

யானை நடமாட்டமும் இதே இடத்தில்தான். அணைப் பகுதி, சின்னக்கானல், சூரியநெல்லி. 2023இல் பேப்பரில் தினமும் வந்த அரிக்கொம்பன் இந்த ஊர் யானை. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றது. ஏப்ரல் கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதத்தில் கம்பம் ஊருக்குள் வந்துவிட்டது. தமிழக வனத்துறை ஜூனில் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பியது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனதால் இங்கே யானை இல்லை என்று ஆகிவிடவில்லை. இருட்டிய பிறகு இந்தப் பகுதியில் வண்டி ஓட்ட வேண்டாம். தேயிலைக்குள் கறுப்பாக ஏதாவது அசைந்தால் காரைவிட்டு இறங்காதீர்கள். ரீல்ஸ் எடுக்கப் போனவர்களைத் துரத்திய வீடியோ நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதற்கு மேலே பெரியகானல் அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது. சூரியநெல்லிக்குத் திரும்பினால் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப் பிடிக்கலாம். தோட்டம் தேனி மாவட்டத்தில், போகிற வழி கேரளத்தில், அப்படி ஓர் அமைப்பு. ஜீப் பாதை கல்லும் குழியுமாக எலும்பைக் கழற்றும். அம்மாவோடு வேண்டாம்.

மலைப்பாதை_மணி (புதன், காலை 6.55)

கேப் ரோடு பற்றி: பழைய 49ஆம் எண் நெடுஞ்சாலை, இப்போது 85. போடிமெட்டிலிருந்து மூணாறு வரை சுமார் 42 கி.மீ. அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்தார்கள். ஓட்ட அருமையாக இருக்கிறது. வாய் வரை வந்துவிட்டதால் சொல்கிறேன், அந்த அகலத்துக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்த காலத்தில் 2019, 2020 இரண்டு வருஷமும் கேப் ரோட்டில் பெரிய சரிவுகள். கீழே இருந்த விவசாய நிலத்தில் கல்லும் மண்ணும் போய் விழுந்தது. இப்போதும் பெருமழை பெய்தால் முதலில் மூடுகிற இடம் அதுதான். தை மாதத்தில் பயமில்லை. தேவிகுளத்துக்கு முன்னால் லாக்காட்டில் சுங்கச்சாவடி இருக்கிறது.

நல்ல சாலை என்பதால் எல்லாரும் பறக்கிறார்கள். எனக்கென்னவோ போடிப் பக்கத்துப் பழைய வளைவுகளைவிட இந்த அகலச் சாலையில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்று படுகிறது. மூடுபனி திடீரென்று இறங்கும். வைப்பர், பனி விளக்கு எல்லாம் முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பூக்காரி_78 (புதன், காலை 9.10)

குறிஞ்சி பார்க்க முடியுமா?

வரலாற்றுப்_பிரியை (புதன், காலை 9.45)

மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் பெரும் பூப்பு 2018இல் நடந்தது, அடுத்தது 2030. ஆனால் எல்லா மலையிலும் ஒரே வருஷம் பூப்பதில்லை. ஒவ்வொரு செடிக் கூட்டத்துக்கும் தனிக் கணக்கு. 2022 அக்டோபரில் பூப்பாறைக்குப் பக்கத்தில் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் மலை முழுக்கப் பூத்தது, ஊரே திரண்டு போனது. தையில் எங்கும் இருக்காது. இன்னொன்று, தினா: வரையாடு குட்டி போடுகிற காலம் என்று இரவிகுளத்தைப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மூடுவார்கள். சில வருஷம் ஜனவரி கடைசியிலேயே மூடியதும் உண்டு. டிக்கெட் போடும்போது பார்த்துவிடுங்கள்.

திண்டுக்கல்_தினா (புதன், காலை 10.30)

சரி. ஏலக்காய் எங்கே வாங்குவது? மனைவியின் கேள்வி.

ஏலக்காட்டுப்_பிள்ளை (புதன், மதியம் 12.20)

போடியிலேயே வாங்குங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் (Spices Board) ஏலக்காய் ஏல விற்பனை நடக்கிற இரண்டு ஊர் போடியும் இடுக்கியில் புற்றடியும். காய் அங்கே விளைந்தாலும் வியாபாரம் இங்கே இறங்கி வருகிறது. தரம் பிரித்து வைத்த காயில் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதற்குத்தான் விலை அதிகம். வீட்டுச் சமையலுக்கு அது தேவையில்லை, ஏழு மில்லிமீட்டர் காயே வாசனையில் குறைவில்லை. கண்ணைப் பறிக்கிற பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான்கைந்து காயை ஈரத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் கடையை மாற்றுங்கள். உள்ளே விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். சாலையோரம் பாக்கெட் போட்டு விற்கிற "தோட்டத்து விலை" ஏலக்காயை விட்டுவிடுங்கள்.

புல்லட்_பாண்டி (புதன், மதியம் 12.45)

நான் இத்தனை நாளும் சாலையோரத்தில்தான் வாங்கினேன். போகட்டும். தினா, யாரும் சொல்லவில்லை, கேரளப் பக்கம் மூணாறு உட்பட மலைச் சுற்றுலா இடங்களில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீதிமன்றத் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலில் வீட்டிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். முந்தலிலும் சோதனை சீக்கிரம் முடியும்.

சென்னை_சித்ரா (புதன், மாலை 5.20)

கார் இல்லாதவர்களுக்கு வழி உண்டா? நானும் தோழியும் மட்டும்.

போடிக்காரன் (புதன், மாலை 6.00)

உண்டு. மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடிவிட்டு எங்களை ரொம்ப காலம் காக்க வைத்தார்கள். 2023 ஜூனிலிருந்து போடிக்கு மறுபடி ரயில் வருகிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் நேர் ரயில். மற்ற நாட்களில் மதுரை வந்து போடி ரயிலில் மாறிக்கொள்ளலாம். போடியில் இறங்கி மூணாறு பஸ் பிடியுங்கள். பஸ் அதிகம் கிடையாது, நேரத்தை நிலையத்தில் விசாரித்துவிட்டு அப்புறம் சாப்பிடப் போங்கள். ஏறும்போது இரண்டு பக்க ஜன்னலும் மாறி மாறிப் பள்ளத்தைக் காட்டும், இந்தப் பக்கம்தான் என்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

சென்னை_சித்ரா (புதன், மாலை 6.08)

அருமை. டிக்கெட் பார்த்துவிட்டு வருகிறேன்.

திண்டுக்கல்_தினா (புதன், இரவு 9.15)

எங்கள் திட்டம்: சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திண்டுக்கல், போடியில் இட்லி, ஒன்பதுக்கு முந்தல், மெட்டில் அரை மணி நேரம், மதியச் சாப்பாடு பூப்பாறை, ஆனையிறங்கலில் ஒரு மணி நேரம், வெளிச்சம் இருக்கும்போதே மூணாறு. திரும்பும்போது மறையூர். உடுமலை_வாசி, உங்கள் பக்கத்தில் எங்கே சாப்பிடுவது என்று தனி மடலில் சொல்லுங்கள்.